நிலத்தடி நீரைச் சுத்தமாக்கும் கிருமிகளும் அரைவழியில் நிற்கும் ஆபத்தும்

கிணற்றுத் தண்ணீரில் கிருமி இருக்கிறது என்று தெரிந்தால் நாம் என்ன செய்வோம்? பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிப்போம். அவர் வந்து வெள்ளைத் தூளைக் கரைத்து ஊற்றுவார். ஒரு நாள் தண்ணீர் அள்ளாமல் விட்டு, மணம் குறைந்ததும் பழையபடி பாவிப்போம். 2004ஆம் ஆண்டு சுனாமிக்குப் பிறகு எமது கிழக்குக் கரையோரத்தில் கிணறு கிணறாக இறைத்துக் குளோரின் இட்டது பலருக்கு நினைவிருக்கும். நான் அப்போது பாடசாலை மாணவி. கிருமி என்றால் நோய், குளோரின் என்றால் அந்த நோய்க்கு மருந்து என்று அந்த நாட்களில் மனதில் பதிந்தது இன்னும் அப்படியே இருக்கிறது.

அண்மையில் பெண்கள் குழுவொன்றில் குடிநீர் பற்றிக் கதைத்துக் கொண்டிருந்தபோது, சில நாடுகளில் நிலத்துக்குக் கீழே கிருமிகளை விட்டுத் தண்ணீரைச் சுத்தம் செய்கிறார்கள் என்று சொன்னேன். ஒரு அக்கா சிரித்தே விட்டா. "கிருமியச் சாகடிக்கத்தானே மகள் இவ்வளவு காலமும் மருந்து போட்ட. இனிக் கிருமியக் காசு குடுத்து வாங்கி ஊத்துறதோ?" என்று கேட்டா. நியாயமான கேள்வி. கூட்டத்தில் இருந்த நேரத்துக்குள் சுருக்கமாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. நான் சமூகவியல் படித்தவள், இரசாயனவியல் அல்ல. ஆனாலும் இந்த விடயத்தைத் தேடி வாசிக்க வாசிக்க, இதில் இரசாயனத்துக்கு இருக்கும் அளவு இடம் தாய்மாருக்கும் அயலவருக்கும் இருப்பதைக் கண்டேன். அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

முதலில் ஒரு தெளிவு. கிணற்றுக்கு இடும் குளோரின் தூளைப் பற்றி நான் இங்கே எழுதவில்லை. அது கிருமியைக் கொன்றுவிட்டுச் சில நாட்களில் தன் வலுவை இழந்துவிடும். வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல் என்பவற்றிலிருந்து எம்மைக் காப்பாற்றுவது அது. இதை வாசித்துவிட்டு யாரும் குளோரின் இடுவதை நிறுத்திவிட வேண்டாம். நான் எழுதப் போவது காபனோடு குளோரின் இறுகப் பிணைக்கப்பட்ட தொழிற்சாலைக் கரைப்பான்களைப் பற்றி. அவை வேறு சாதி.

எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வந்தவை

இவற்றுள் இரண்டு பெயர்களை மட்டும் நினைவில் வைத்திருந்தால் போதும். ஒன்று ட்ரைக்குளோரோஎதிலீன். இரும்புப் பாகங்களில் இருக்கும் கிறீஸையும் எண்ணெயையும் கழுவுவதற்குத் தொழிற்சாலைகளும் விமானத் தளங்களும் இதைப் பீப்பாய் பீப்பாயாகப் பாவித்தன. மற்றது பேர்குளோரோஎதிலீன். 'ட்ரை கிளீனிங்' கடைகளில் தண்ணீர் படாமல் கோட்டையும் பட்டுச் சேலையையும் சுத்தமாக்கும் திரவம் பெரும்பாலும் இதுதான். இரண்டும் நிறமற்றவை, எளிதில் ஆவியாகுபவை, சற்று இனிப்பான மணமுள்ளவை.

இன்று நச்சு என்று சொல்லப்படும் ட்ரைக்குளோரோஎதிலீன் ஒரு காலத்தில் மயக்க மருந்தாகவும் இருந்தது. 1950களில் பிரித்தானியாவில் மருத்துவிச்சிமார் பிரசவ வலியைத் தணிக்க இதைத் தாய்மாருக்கு முகரக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் 1970கள் வரை கோப்பிக் கொட்டையிலிருந்து கஃபீனை அகற்றவும் பாவித்தார்கள். பின்னர்தான் படம் மாறியது. உலக சுகாதார அமைப்பின் கீழுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம், மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் வரிசையில் இதை 2012இல் சேர்த்தது.

பாவித்து முடிந்த திரவத்தை அந்தக் காலத்தில் பின்வளவில் ஊற்றினார்கள், குழிகளில் கொட்டினார்கள், பீப்பாயோடு புதைத்தார்கள். ஆவியாகிப் போய்விடும் என்று நினைத்தார்கள். ஒரு பங்கு ஆவியானது. மறு பங்கு மண்ணுக்குள் இறங்கியது. பெற்றோல், டீசல் போன்றவை தண்ணீரை விடப் பாரம் குறைந்தவை. நிலத்தடி நீரின் மேல் மிதக்கும். இந்தக் கரைப்பான்களோ தண்ணீரை விடப் பாரமானவை. நீர்மட்டத்தையும் தாண்டிக் கீழே போய், களிமண் படையிலோ பாறை வெடிப்பிலோ தங்கி, அங்கிருந்து பல தசாப்தங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே இருக்கும்.

அமெரிக்காவில் குடிநீரில் இவை ஒவ்வொன்றுக்கும் அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு லீற்றருக்கு 5 மைக்கிரோகிராம். ஒரு மைக்கிரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. கணக்குப் பார்த்தால் ஒரேயொரு லீற்றர் ட்ரைக்குளோரோஎதிலீன், சுமார் 29 கோடி லீற்றர் தண்ணீரை அந்த எல்லை வரை கொண்டுவரப் போதும். ஒரு சோடாப் போத்தல் அளவு திரவம் ஓர் ஊரின் கிணறுகள் அனைத்தையும் பழுதாக்கும் என்று சொன்னால் மிகையில்லை.

வோபேர்னில் தாய்மார் கண்டது

அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்தில், பொஸ்ரன் நகருக்கு வடக்கே வோபேர்ன் என்றொரு சிறு நகரம். தோல் பதனிடுதல், இரசாயனத் தொழில் என்று நீண்ட வரலாறு கொண்டது. அங்கே 1964இலும் 1967இலும் ஜீ, எச் என்ற இரண்டு குழாய்க்கிணறுகளை நகரசபை தோண்டியது. தண்ணீர் மணக்கிறது, குழாய்களை அரிக்கிறது என்று நகரின் கிழக்குப் பகுதி மக்கள் முறைப்பாடு செய்துகொண்டே இருந்தார்கள்.

1972இல் அங்கு வாழ்ந்த ஆன் அண்டர்சன் என்ற தாயின் மகன் ஜிம்மிக்கு இரத்தப் புற்றுநோய் என்று கண்டறியப்பட்டது. மகனைச் சிகிச்சைக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது, தன் ஊரைச் சேர்ந்த வேறு தாய்மாரையும் அவர் அங்கே சந்தித்தார். கடையிலும் தெருவிலும் கதைத்ததில் இன்னும் சில பிள்ளைகளின் செய்தி தெரியவந்தது. அரிதான ஒரு நோய், நடந்து போகக்கூடிய தூரத்துக்குள் எப்படி இத்தனை வீடுகளில்? அவர் தண்ணீரைச் சந்தேகித்தார். அதிகாரிகளிடம் சோதித்துப் பார்க்கச் சொன்னார். தனியொருவர் கேட்பதற்காகச் சோதிக்க முடியாது என்று பதில் வந்தது. வீட்டுக்குள்ளும் அவரை நம்புவார் இல்லை. பிள்ளைக்கு வருத்தம் வந்த துக்கத்தில் பிதற்றுகிறாள் என்றே பலர் எடுத்துக்கொண்டார்கள். இந்த வசனத்தை எமது ஊர்களிலும் எத்தனை தாய்மார் கேட்டிருப்பார்கள்!

1979 மே மாதம், கிணறுகளுக்குக் கிட்டிய வெறுங்காணியொன்றில் 184 கழிவுப் பீப்பாய்கள் கைவிடப்பட்டிருப்பதைக் கண்ட பிறகுதான் தண்ணீரைச் சோதித்தார்கள். ஜீ கிணற்றில் லீற்றருக்கு 267 மைக்கிரோகிராம் ட்ரைக்குளோரோஎதிலீன் இருந்தது. கிணறுகள் மூடப்பட்டன. அந்தப் பீப்பாய்கள் நஞ்சின் காரணமல்ல என்பது பின்னர் தெரிந்தது. பீப்பாய் கண்ணில் படாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை வருடம் அந்தத் தண்ணீரைக் குடித்திருப்பார்களோ. ஜிம்மி 1981 சனவரியில் இறந்தான். அதே ஆண்டு வெளியான அரசாங்க அறிக்கை, 1969 முதல் 1979 வரை அந்த நகரில் ஐந்து பிள்ளைகளளவில் எதிர்பார்க்கக்கூடிய இடத்தில் 12 பிள்ளைகளுக்கு இரத்தப் புற்றுநோய் வந்திருந்ததாகச் சொன்னது. ஆனால் தண்ணீரோடு தொடர்பு இருப்பதாக அது முடிவு சொல்லவில்லை.

மக்கள் அத்தோடு நிற்கவில்லை. ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, 200க்கு மேற்பட்ட தொண்டர்கள் பயிற்சி பெற்று, 5,000க்கு மேற்பட்ட வீடுகளைத் தொலைபேசியில் அழைத்துத் தகவல் திரட்டினார்கள். எட்டுக் குடும்பங்கள் வழக்குத் தொடுத்தன. 1986இல் ஒரு நிறுவனம் 80 இலட்சம் டொலருக்குச் சமரசம் செய்துகொண்டது. வோபேர்னை ஆராய்ந்த சமூகவியலாளர் பில் பிரவுன், பாதிக்கப்பட்ட மக்கள் தாமே கவனித்து, தாமே கணக்கெடுத்து, நிபுணர்களைத் தம் பக்கம் இழுத்து நோயின் காரணத்தைத் தேடும் இந்த முறைக்குத் தனியான ஒரு பெயர் கொடுத்து எழுதினார். தமிழில் அதை 'மக்கள் செய்யும் நோயாய்வு' எனலாம்.

1996இல் மாநில சுகாதாரத் திணைக்களத்தின் ஆய்வு நிறைவுற்றபோது தெரிந்தது இதைவிட மனதை உலுக்கும். பிள்ளை பிறந்த பிறகு குடித்த தண்ணீரோடல்ல, தாய் கர்ப்பமாக இருந்த காலத்தில் குடித்த தண்ணீரோடுதான் நோய்க்கு வலுவான தொடர்பு தென்பட்டது. கர்ப்பிணிக்கு நிறையத் தண்ணீர் குடி என்று சொல்கிறோம். அந்தத் தாய்மாரும் குடித்தார்கள்.

இறைத்து முடியாத நஞ்சு

கிணற்றை மூடினால் குடிப்பது நிற்கும். நிலத்துக்குள் இருப்பது போகாது. வோபேர்னில் 1992 முதல் நிலத்தடி நீரை மேலே இறைத்துச் சுத்திகரிக்கத் தொடங்கினார்கள். மற்ற இடங்களிலும் அதுவே வழமையான முறை. இறைத்து, காற்றை ஊதியோ கரித்தூளில் வடித்தோ நஞ்சைப் பிரிப்பார்கள். நஞ்சு பரவாமல் மறித்து வைக்க இது உதவும். ஆனால் களிமண்ணுக்குள் ஊறியது சொட்டுச் சொட்டாகத்தான் வெளியே வரும். சட்டியில் பிடித்த கருவாட்டு மணம் போல, கழுவக் கழுவ மிச்சம் இருக்கும். இறைப்பதை நிறுத்தினால் சில மாதங்களில் அளவு திரும்பவும் ஏறும். பம்புக்கு மின்சாரம், ஆளுக்குச் சம்பளம், வருடக் கணக்கில் செலவு.

இந்த இடத்தில்தான் கிருமிகள் வருகின்றன.

பல ஊர்களில் கிணற்று நீரைச் சோதித்தபோது ஒரு புதிரைக் கண்டார்கள். தொழிற்சாலை ட்ரைக்குளோரோஎதிலீனை மட்டுமே பாவித்திருந்தது. தண்ணீரிலோ அதற்கு நெருங்கிய உறவான, யாருமே அங்கு பாவிக்காத வேறு இரசாயனங்களும் இருந்தன. அவை எங்கிருந்து வந்தன? நிலத்துக்குள் எதுவோ அதை உடைத்துக்கொண்டிருந்தது.

இதை விளங்கிக்கொள்ளச் சுமை தூக்கும் ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். பேர்குளோரோஎதிலீன் நான்கு குளோரின் மூட்டைகளைச் சுமக்கிறது. ஒன்றை இறக்கினால் மூன்று, அதுதான் ட்ரைக்குளோரோஎதிலீன். இன்னொன்றை இறக்கினால் இரண்டு, டைக்குளோரோஎதிலீன். அடுத்தது ஒரேயொரு குளோரின் மட்டும் உள்ள வைனைல் குளோரைட்டு. கடைசி மூட்டையையும் இறக்கிவிட்டால் மிஞ்சுவது எதிலீன். எதிலீன் எமக்குப் புதிதல்ல. வாழைக்குலையைக் குழியில் வைத்துப் புகை போடுகிறோமே, அந்தப் புகையில் இருந்து காயைப் பழுக்க வைப்பது அதுதான். பழங்கள் தாமாகவே வெளிவிடும் வாயுவும் அதுதான். தண்ணீரில் இருப்பதால் தீங்கில்லை.

மூட்டை குறையக் குறைய ஆபத்தும் குறையும் என்று நினைப்போம். இங்கே அப்படியில்லை. அமெரிக்கக் குடிநீர் எல்லைகளையே பாருங்கள். நான்கு குளோரினுக்கும் மூன்று குளோரினுக்கும் 5 மைக்கிரோகிராம். இரண்டு குளோரின் உள்ள, மண்ணுக்குள் கூடுதலாக உண்டாகும் வகைக்கு 70. ஒரு குளோரின் உள்ள வைனைல் குளோரைட்டுக்கோ 2 மட்டுமே. பி.வி.சி. குழாய் செய்வதற்கான மூலப்பொருள் அது. குழாயைத் தொடுவதால் பயமில்லை. ஆனால் 1974இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பி.வி.சி. தொழிற்சாலைத் தொழிலாளரிடையே மிக அரிதான ஈரல் புற்றுநோய் கண்டறியப்பட்டதிலிருந்து, வைனைல் குளோரைட்டு நிச்சயமாகப் புற்றுநோய் தருவது என்று உலகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆகவே கிருமிகள் மூன்றாம் மூட்டையை இறக்கிவிட்டு வேலையை நிறுத்தினால், தொடங்கிய இடத்தை விட மோசமான தண்ணீர்தான் கையில் இருக்கும்.

1985இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் வோகலும் மக்கார்ட்டியும் காற்றில்லாத சூழலில் கிருமிகள் வைனைல் குளோரைட்டு வரை உடைப்பதைக் காட்டியபோது விஞ்ஞானிகளுக்குக் கவலைதான் கூடியது. 1989இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் பிரீட்மனும் கொசெற்றும், சரியான தீனி கொடுத்தால் எதிலீன் வரைக்கும் போக முடியும் என்று காட்டினார்கள். எந்தக் கிருமி இதைச் செய்கிறது என்று பிடிக்க இன்னும் எட்டு வருடங்கள் எடுத்தன. 1997இல் கோர்னெலில் மைமோ-கட்டெல் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். எங்கே கிடைத்தது தெரியுமா? இதாக்கா நகரத்தின் மலக்கழிவு நீர் சுத்திகரிப்பு நிலையத்துச் சேற்றில்.

அயலவர் இல்லாமல் வாழாத கிருமி

அந்தப் பற்றீரியாவின் பெயர் டீஹாலோகொக்கோயிடெஸ். நாக்கு சுழியும் பெயர். 2013இல் மக்கார்ட்டியைக் கௌரவித்து அவரது பெயரையும் அதோடு சேர்த்துவிட்டார்கள். ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் ஏறக்குறைய 2,000 கிருமிகளை வரிசையாக வைக்கலாம், அவ்வளவு சிறியது. நாம் ஒட்சிசனைச் சுவாசிப்பது போல இது குளோரின் சேர்ந்த இரசாயனங்களைச் சுவாசிக்கிறது. வேறு எதையும் சுவாசிக்கத் தெரியாது. எமக்கு உயிர் தரும் ஒட்சிசன் பட்டால் செத்துப்போகும்.

சமூகவியல் மாணவியாக நான் மிகவும் இரசித்தது இதன் குடும்ப வாழ்க்கையை. இதற்குச் சக்தி தருவது ஐதரசன். அதை இது தானாகச் செய்யாது. அயலில் இருக்கும் வேறு கிருமிகள் சீனியையோ எண்ணெயையோ புளிக்கச் செய்யும்போது வெளிவரும் ஐதரசனை எடுத்துக்கொள்கிறது. அதே புளிப்பில் வரும் வினாகிரிச் சத்துத்தான் இதன் உடம்பைக் கட்டும் பொருள். விற்றமின் பி12 இல்லாமல் குளோரினைப் பிடுங்க முடியாது. அதையும் அயலவர்தான் கொடுக்க வேண்டும். தனியே எடுத்து வளர்ப்பது கஷ்டம், கூட்டமாக விட்டால் நன்றாக வளரும். இதனால்தான் களத்தில் பாவிப்பது ஒற்றைக் கிருமியை அல்ல, பல கிருமிகள் சேர்ந்த கூட்டத்தை.

இதன் தீனி எமது குசினியிலிருந்து வந்தது போலவே இருக்கும். சோயா எண்ணெயைத் தண்ணீரோடு பால் போல அடித்துக் கலக்கி நிலத்துக்குள் செலுத்துகிறார்கள். சில இடங்களில் கரும்புப்பாணி, சில இடங்களில் பாற்கட்டி செய்யும்போது மிஞ்சும் பால்தெளிவு, இன்னும் சில இடங்களில் புளித்த பாலில் இருக்கும் அமிலத்தின் உப்பு. தீனி புளித்து நிலத்தடி நீர் அளவுக்கு மீறி அமிலமானால் கிருமி வேலையை நிறுத்திவிடும். அதற்கு மருந்து அப்பச்சோடா! இவற்றையெல்லாம் ஒடுக்கமான குழாய்க்கிணறுகள் வழியாக உள்ளே அனுப்புவார்கள். கிருமிக் கூட்டத்தைக் காற்றுப் புகாத உருக்குக் கலன்களில் கொண்டுவருவார்கள்.

எல்லா நிலத்திலும் இந்தக் கிருமி இருக்கிறதா? 2002இல் வெளியான ஓர் ஆய்வில் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மாசடைந்த 24 இடங்களின் மாதிரிகளைப் பார்த்தார்கள். எதிலீன் வரை உடைந்திருந்த 21 இடங்களிலும் டீஹாலோகொக்கோயிடெஸின் தடயம் இருந்தது. இரண்டு குளோரினோடு நின்றுபோயிருந்த மூன்று இடங்களில் அது இருக்கவில்லை. இல்லாத இடத்தில் தீனியை மட்டும் ஊற்றி என்ன பயன்? டெலவெயார் மாநிலத்தின் டோவர் விமானப்படைத் தளத்தில் 1990களில் செய்த சோதனையில் இது கண்கூடாகத் தெரிந்தது. தீனி மட்டும் கொடுத்து 269 நாட்கள் பார்த்தார்கள். இரண்டு குளோரினைத் தாண்டி நகரவில்லை. பிறகு புளோரிடாவில் வேறொரு மாசடைந்த இடத்திலிருந்து வளர்த்தெடுத்த கிருமிக் கூட்டத்தை விட்டார்கள். மூன்று மாதமளவில் எந்த அசைவும் இல்லை. அதன் பின் எதிலீன் தோன்றத் தொடங்கியது. 509ஆம் நாளில் சோதனைப் பகுதியின் நஞ்சு முழுவதும் எதிலீனாக மாறியிருந்தது.

டோவர் இராணுவத் தளம். மிச்சிகன் மாநிலத்தின் ஒஸ்கோடா எமக்கு இன்னும் கிட்டிய கதை. அங்கே ஒரு ட்ரை கிளீனிங் கடையின் பேர்குளோரோஎதிலீன் வீட்டுக் கிணறுகள் இருந்த பகுதியின் நிலத்தடி நீரில் கலந்திருந்தது. ஆய்வாளர்கள் இரண்டு துண்டு நிலத்தை எடுத்தார்கள். ஒன்றில் ஏற்கெனவே மண்ணில் இருந்த கிருமிகளுக்குத் தீனி மட்டும். மற்றதில் அதே மண்ணிலிருந்து எடுத்து ஆய்வுகூடத்தில் பெருக்கிய கிருமிகளும் சேர்த்து. கிருமி விட்ட துண்டில் ஆறு கிழமைகளில் எதிலீன் வரை உடைந்தது. தீனி மட்டும் கொடுத்த துண்டில் வேலை சூடு பிடிக்க மூன்று மாதம் எடுத்தது. அதே இடத்திலிருந்து ஜியான்சொங் ஹே என்ற பெண் விஞ்ஞானியும் அவரது சகாக்களும் பிரித்தெடுத்த கிருமி வகை, வைனைல் குளோரைட்டையே சுவாசித்து வளரக்கூடியது என்று 2003இல் அறிவித்தார்கள். 1997இல் கிடைத்த வகை அந்தக் கடைசி மூட்டையில் தடுமாறும். ஒரே பெயர் கொண்ட கிருமிகளுக்குள்ளும் இந்த வித்தியாசம் இருப்பதால், இப்போது கிருமி இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை. வைனைல் குளோரைட்டை உடைக்கும் மரபணு அதில் இருக்கிறதா என்றும் சோதிக்கிறார்கள்.

கனடாவில் ரொறன்ரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் எலிசபெத் எட்வேர்ட்ஸ், ஒன்ராறியோவின் தெற்கே மாசடைந்த ஒரு நிலத்திலிருந்து வளர்த்த கேபி-1 என்ற கிருமிக் கூட்டம் இன்று பல நாடுகளில் நூற்றுக்கணக்கான இடங்களில் பாவிக்கப்படுகிறது. ரெக்சஸ் மாநிலத்தின் கெல்லி விமானப்படைத் தளத்துச் சோதனைப் பகுதிக்கு அதில் 13 லீற்றர் மட்டுமே விட்டார்கள். 200 நாட்களுக்குள் அங்கிருந்த பேர்குளோரோஎதிலீனும் அதன் அடுத்த இரண்டு படிகளும் லீற்றருக்கு 5 மைக்கிரோகிராமுக்குக் கீழே வந்தன.

யார் பார்த்துக்கொண்டிருப்பது?

இவ்வளவும் வாசித்துவிட்டு, இயற்கையே சுத்தம் செய்துவிடும், நாம் பேசாமல் இருக்கலாம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 'இயற்கையான முறை' என்ற சொல் கேட்க இனிமையானது. நஞ்சைக் கொட்டியவருக்கு அது மலிவாகவும் இருக்கும். கிருமிகள் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவலாம். ஆனால் இந்தக் கிருமிகள் மெதுவானவை. ஒன்று இரண்டாவதற்கு ஒரு நாளோ இரண்டு மூன்று நாட்களோ எடுக்கும். தீனி முடிந்தால், தண்ணீர் அமிலமானால், ஒட்சிசன் புகுந்தால் எந்தப் படியில் வேண்டுமானாலும் நின்றுவிடும். காற்றில்லாத சூழலை உண்டாக்கும்போது மண்ணில் இருக்கும் இரும்பும் மங்கனீசும், சில இடங்களில் ஆசனிக்கும் கரைந்து தண்ணீருக்கு வரலாம். மீதேன் வாயுவும் சேரலாம். வேலை நடந்துகொண்டிருக்கும் காலம் முழுவதும் அந்தத் தண்ணீரை யாரும் குடிக்கக் கூடாது. அத்தனை காலமும் அந்தக் குடும்பங்களுக்கு வேறு தண்ணீர் வேண்டும். அதை எங்கிருந்து யார் தூக்கிக்கொண்டு வருவது என்பது எமக்கு நன்றாகத் தெரிந்த விடயம்.

ஆகவே இப்படியான இடத்தில் வாழும் மக்கள் கேட்க வேண்டியது, ட்ரைக்குளோரோஎதிலீன் குறைந்துவிட்டதா என்பதோடு முடியாது. அது குறைந்திருக்கும், அறிக்கையில் அழகாக ஒரு கோடு கீழிறங்கியிருக்கும். அடுத்த வரிசையில் டைக்குளோரோஎதிலீன் எவ்வளவு, வைனைல் குளோரைட்டு எவ்வளவு, எதிலீன் எவ்வளவு என்று கேட்க வேண்டும். எதிலீன் அளக்கப்படவே இல்லையென்றால் கிருமிகள் எந்தப் படியில் நிற்கின்றன என்று யாருக்கும் தெரியாது. நஞ்சு ஆவியாக மேலெழுந்து வீட்டு நிலத்தின் வெடிப்புகளால் உள்ளே வரவும் கூடும் என்பதால், தண்ணீரோடு வீட்டுக் காற்றையும் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

நஞ்சை உள்ளே விடாமல் இருப்பதற்கான முயற்சியும் நடக்கிறது. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 2024 டிசம்பரில் ட்ரைக்குளோரோஎதிலீனின் எல்லாப் பாவனையையும் தடைசெய்யும் விதியை வெளியிட்டது. பேர்குளோரோஎதிலீனை ட்ரை கிளீனிங் கடைகள் பத்து வருடங்களில் படிப்படியாகக் கைவிட வேண்டும் என்ற விதியும் அதே மாதம் வந்தது. தொழில்துறையினர் நீதிமன்றம் போனார்கள். சில பகுதிகளின் அமுலாக்கம் தள்ளிப்போனது. வோபேர்ன் கிணறுகள் மூடப்பட்டு 45 வருடங்களுக்குப் பிறகு இந்த நிலைமை.

இதை வாசிக்கும்போது யாழ்ப்பாணத்துச் சகோதரிகளுக்குச் சுன்னாகம் நினைவுக்கு வரும். அங்கே கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தில், பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு வழங்குமாறு உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அந்தக் கிணறுகளுக்கு இந்தக் கிருமியை விடலாமா என்று கேட்டால், இல்லை என்பதே பதில். அது குளோரின் இல்லாத எரிபொருள் எண்ணெய். இந்தக் கிருமிக்கு அதில் சுவாசிக்க எதுவுமில்லை. எண்ணெயை வேகமாக உண்ணும் கிருமிகள் வேறு. அவற்றுக்கு ஒட்சிசன் வேண்டும், அதனால் நிலத்துக்குள் காற்றை ஊதுவார்கள். எதிலீன் வரை உடைக்கும் கிருமிக்கோ காற்றே எமன். ஒரு கிணற்றுக்கு மருந்தாவது இன்னொன்றில் வேலையையே நிறுத்திவிடும். யாராவது போத்தலில் கிருமியைக் கொண்டுவந்து எல்லாக் கிணற்றுக்கும் இதுவே போதும் என்று சொன்னால், காசு கொடுக்கும் முன் எங்கள் தண்ணீரில் இருக்கும் இரசாயனத்தின் பெயர் என்ன, அதை எந்த ஆய்வுகூடத்தில் அளந்தீர்கள் என்று கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள்.